இளைப்பு வந்த நேரத்தில் எது கைகொடுக்கும்? பம்ப், ஸ்பேசர், ரோட்டாகேப்ஸ், நெபுலைசர்

அப்பாவுக்கு 30 வருட ஆஸ்துமா. மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பூட்டமால் பம்ப்பை (இன்ஹேலரை) அடித்ததும் அவர் வாயிலிருந்து வெள்ளையாகப் புகை வரும். மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நுரையீரலுக்குப் போகாமல் வெளியே வந்துவிட்ட மருந்துதான் அந்தப் புகை என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

வெறும் பம்ப்பில் மருந்து சீறிக்கொண்டு வரும். நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதட்டால் இறுக்கமாகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுக்கத் தொடங்கும் அதே நேரத்தில் அழுத்த வேண்டும். நாலைந்து நொடி இழுத்து, பத்து நொடி அடக்க வேண்டும். சாதாரண நேரத்திலேயே பலருக்குக் கையும் மூச்சும் ஒத்துவராது. நடுராத்திரி மூச்சு முட்டும்போது கேட்கவே வேண்டாம். கொஞ்சம் பிந்தினாலும் பாதிக்கு மேல் தொண்டையில் படிந்துவிடும்.

பம்ப்புக்கும் வாய்க்கும் நடுவே மாட்டும் குழாயான ஸ்பேசர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. மருந்து முதலில் குழாய்க்குள் நிற்கும், நாம் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். ஆழமாக இழுக்க முடியாவிட்டால் ஐந்தாறு சாதாரண மூச்சு போதும். சின்னக் குழந்தைக்கு முகமூடி மாட்டிக் கொடுக்கலாம். ஒரு தடவைக்கு ஒரு பஃப்தான், அதாவது ஒரு அழுத்து. இரண்டைச் சேர்த்து அடித்தால் மருந்து வீணாகும். சோப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு துணியால் துடைக்காதீர்கள், தானாகக் காயட்டும். தேய்த்தால் உள்சுவரில் நிலைமின்சாரம் ஏறி மருந்து அதிலேயே ஒட்டிக்கொள்ளும். சட்டைப் பையில் அடங்காது என்பது ஒன்றுதான் குறை. அதற்காக இதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை.

கேப்ஸ்யூலைச் சின்னக் கருவியில் போட்டு உள்ளிருக்கும் மருந்துப் பொடியை இழுக்கும் ரோட்டாகேப்ஸ் நேர் எதிர். பொடி என்பதால் வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். பம்ப் பழகியவர் இதையும் மெதுவாக இழுப்பார், பொடி அப்படியே நிற்கும். கருவிக்குள் ஊதினாலும் ஈரம்பட்டுக் கெட்டுவிடும். கேப்ஸ்யூலை மாத்திரை போல விழுங்குகிறவர்களும் உண்டு. கையடக்கமானது, சரி. ஆனால் கடுமையான இளைப்பில் பலமாக இழுக்கத் தெம்பு ஏது? அவசரத்துக்கு இதை மட்டும் நம்ப மாட்டேன்.

அப்புறம் திரவ மருந்தைப் பனிபோலாக்கி மூச்சில் தரும் மிஷின், நெபுலைசர். 'மிஷின் வைத்தால்தான் கேட்கும்' என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமானது. ஆனால் மிதமான இளைப்புக்கு ஸ்பேசர் வழியாகச் சரியாக எடுத்த பம்ப் அதே பலனைத் தரும். கரண்ட் வேண்டாம், பத்து நிமிடம் காத்திருக்க வேண்டாம். உயிருக்கே ஆபத்தான இளைப்பில், ஆக்சிஜனோடு, மருத்துவமனையில்தான் அதன் உண்மையான இடம். வீட்டில் மிஷினை நம்பிக் கிளம்பத் தாமதிப்பதுதான் எனக்குப் பயம். ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, வண்டி வரும்வரை ஸ்பேசரில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொரு பஃப்பாகப் பத்து வரை கொடுக்கலாம்.

எதை வைத்திருந்தாலும் மருந்து மீதி இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான பம்ப்பில் 200 பஃப். எண் காட்டாத பம்ப்பைக் குலுக்கியோ தண்ணீரில் மிதக்கவிட்டோ கண்டுபிடிக்க முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் அதை வெளியே தள்ளும் உந்துவாயு வந்துகொண்டிருக்கும். நாங்கள் அடித்த கணக்கைக் காலண்டரில் குறித்து வைக்கிறோம். அந்தக் குறிப்பு வாரத்தில் இரண்டு நாளைத் தாண்டினால், தினசரித் தடுப்பு இன்ஹேலரைப் பற்றிப் பேச அப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன்.