பேஸ்புக் கடைகளுக்கு முற்பணம் போடுவோர் கவனத்துக்கு: இலங்கைச் சட்டம் எதுவரை உங்களோடு வரும்?

கடையில் 150,000 ரூபாய் போகும் கைத்தொலைபேசி ஒரு பேஸ்புக் பக்கத்தில் 95,000 என்று வருகிறது. வட்ஸ்அப்பில் கேட்டால், "கஸ்டம்ஸ் ஏலத்தில எடுத்தது, நாலு பீஸ்தான் மிச்சம், 5,000 போட்டு புக் பண்ணுங்கோ" என்று பதில். போட்டதும் கூரியர் பற்றுச்சீட்டு மாதிரி ஒரு படம் வரும். அடுத்த நாள், "வற் 18 வீதம் கட்டினால்தான் பொதி வெளியே வரும்" என்பார்கள். அதையும் கட்டினால் காப்புறுதி, பிறகு 'ரிலீஸ் சார்ஜ்'. எல்லாம் திரும்பத் தரப்படும் என்றுதான் சொல்வார்கள். முதலில் போன 5,000 ரூபாயைக் காப்பாற்றப் போய் மேலும் 40,000, 50,000 இழந்தவர்கள்தான் அதிகம். கொஞ்சம் இறுக்கிக் கேட்டவுடன் இலக்கம் புளொக், பக்கத்துக்கு வேறு பெயர்.

இதில் வற், அதாவது பெறுமதி சேர் வரி பற்றிய கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படித்தவர்களும் அதில்தான் விழுகிறார்கள். 2024 ஜனவரி 1 முதல் வற் 18 வீதம் என்பது உண்மை. ஆனால் வற் அறவிட, விற்பவர் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் அதற்கெனப் பதிந்திருக்க வேண்டும். பதிந்தவரின் வற் இலக்கம் வரி செலுத்துநர் இலக்கத்தோடு 7000 என்று முடியும், அது விலைச்சிட்டையில் அச்சாகியிருக்கும். பதியாதவர் வற் என்ற பெயரில் ஒரு சதமும் வாங்க முடியாது. அதோடு, கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு வரும் உள்நாட்டுப் பொதியைச் சுங்கத்திலிருந்து விடுவிக்க எதுவுமே இல்லை. இரண்டாவது தொகை கேட்கப்பட்ட கணமே பேச்சை நிறுத்துங்கள். வாக்குவாதம் வேண்டாம், புளொக் பண்ணவும் வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முற்பணமே வாங்காத வகையும் உண்டு: பொதி வீட்டுக்கு வந்த பின் காசு. இது பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். கூரியர் பையன் காசு வாங்காமல் பொதியைத் திறக்க விடமாட்டான், திறந்தால் உள்ளே உடைந்த சார்ஜரோ சவர்க்காரமோ இருக்கும். கூரியர் நிறுவனத்தின் ஒப்பந்தம் அனுப்பியவரோடுதான், உங்களோடு இல்லை. "நாங்கள் கொண்டுவந்து தருவது மட்டும்தான்" என்ற பதிலுக்கு அடிப்படை அதுதான். ஆனால் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. வாசலில் வசூலித்த காசைக் கூரியர் அன்றே அனுப்பியவருக்குக் கொடுப்பதில்லை, வழக்கமாகச் சில நாள் கழித்துத் தொகுத்துத்தான் கொடுக்கும். ஆகவே திறந்து பார்த்த அன்றே பொதியின் இலக்கத்தோடு கூரியரின் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, "பொருள் மாறி வந்துள்ளது, பணத்தை அனுப்பியவருக்கு விடுவிக்க வேண்டாம்" என்று எழுதுங்கள். பொலிஸ் முறைப்பாட்டு இலக்கத்தையும் சேர்த்தால் நிறுத்தி வைக்க வாய்ப்புக் கூடும். நிறுத்தியே ஆக வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த உங்கள் கையில் ஒன்றுமில்லை. பொதியைத் திறக்கும்போது, முகவரித் துண்டு தெரிகிறபடி, இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள்.

இனி, சட்டம் எங்கே கைவிடுகிறது என்பது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டம் வட்ஸ்அப்பில் நடந்த பேச்சையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. மின்னணுப் பதிவைச் சான்றாகவும் ஏற்கிறது. நல்ல சட்டம், அயல்நாடுகளோடு ஒப்பிட்டாலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது ஒப்பந்தத்தைப் பற்றிய சட்டம், வாங்குகிறவரைப் பற்றியதல்ல. இணையத்தில் விற்பவர் தன் சட்டப் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும், வாங்கியவர் சில நாளுக்குள் மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம், பேஸ்புக் போன்ற இடைத்தளத்துக்கும் பொறுப்பு உண்டு என்பவை எல்லாம் அதில் கிடையாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமோ கடையும் கல்லாப்பெட்டியும் இருந்த காலத்துக்காக எழுதியது. அதன் 30ஆம், 31ஆம் பிரிவுகள் ஏமாற்றும் நடத்தையையும் பொய்யான விபரிப்பையும் தடுக்கின்றன. அவை இணைய வியாபாரிக்கும் பொருந்தும் என்று வாதிடலாம். ஆனால் உத்தரவு போட எதிரில் ஓர் ஆள் வேண்டும், அறிவித்தல் அனுப்ப ஒரு முகவரி வேண்டும். பக்கத்தின் பெயருக்கு எந்த அதிகாரியும் கடிதம் அனுப்ப முடியாது. 2025இல் வற் சட்டத்தைத் திருத்தி வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளையும் வரிக்குள் கொண்டுவர வழி செய்தார்கள். வரி வசூலுக்கு வந்த வேகம் வாங்குகிறவர் பக்கம் வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆக, விற்பவர் யார் என்பதைக் காசு போடும் முன் நீங்களே கண்டுபிடித்தால்தான் பிறகு சட்டம் பிடிக்கும். கம்பனி என்று சொன்னால் பதிவு இலக்கம் கேளுங்கள். தனியார் கம்பனிகளுக்கு அது 'பீவி' என்று தொடங்கும், கம்பனிப் பதிவாளரின் இணையத்தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி விலைச்சிட்டையிலும் கடிதத்திலும் பெயரும் இலக்கமும் இருக்க வேண்டும். தனியாள் வியாபாரம் என்றால் பிரதேச செயலகத்தில் வாங்கிய வியாபாரப் பெயர்ப் பதிவுச் சான்றிதழ். படம் அனுப்பினால் போதாது, அதிலுள்ள உரிமையாளர் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 'ஓனரின்ர தம்பியின்ர கணக்கு' என்றால் விடை கிடைத்துவிட்டது.

அடையாள அட்டைப் படத்தை நம்பிக்கைக்காக அனுப்புவார்கள். அது பெரும்பாலும் முன்பு ஏமாந்த ஒருவருடையது. பதிலுக்கு உங்கள் அடையாள அட்டையையும் கேட்பார்கள், கொடுத்தால் அடுத்தவருக்குப் போவது உங்கள் முகம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வர வேண்டியவை, கடைசி நேரத்தில் தள்ளிப்போட்டார்கள். வந்தாலும், ஆள் தெரியாத ஒருவரிடம் போன படத்தை எந்தச் சட்டமும் திருப்பித் தராது.

பேஸ்புக்கில் 'பேஜ் டிரான்ஸ்பரன்சி' பகுதியைத் திறந்தால், பக்கம் தொடங்கிய நாள், முன்பிருந்த பெயர்கள், நடத்துகிறவர்கள் எந்த நாட்டில் என்பன தெரியும். நேற்றுவரை சமையல் பக்கமாக இருந்தது இன்று போன் கடையாகியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். கைத்தொலைபேசி என்றால் இன்னொரு சோதனையும் உண்டு. விற்பவரிடம் ஸ்டார் ஹாஷ் 06 ஹாஷ் அடித்து வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) கேட்டு, ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு அந்த எண்ணைப் போட்டு 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான கருவியா என்று பதில் வரும். எண்ணைத் தர மறுப்பவரிடம் போனே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

எந்த வழியால் காசு போடுகிறீர்கள் என்பதிலும் வித்தியாசம் பெரிது. வங்கிச் செயலியில் கணக்குக்குக் கணக்கு அனுப்பினால் சில வினாடியில் போய்ச் சேரும். அனுப்பியவர் சொல்லி அதைத் திருப்ப முடியாது. பெறுபவர் பெயர் என்ற கட்டத்தில் கம்பனிப் பெயரை எழுதிவிட்டேன் என்று ஆறுதல் வேண்டாம், காசு கணக்கு இலக்கத்தைப் பார்த்தே போகிறது. காசு வைப்பு இயந்திரத்தில் போட்டாலும் அதே கதி. அட்டையால் கட்டினால் மட்டும் 'சார்ஜ்பேக்', அதாவது கட்டிய காசை உங்கள் வங்கி மூலம் திருப்பிக் கேட்கும் ஒரு வழி மிஞ்சும். வீசா, மாஸ்டர்கார்ட் விதிகளில் பொருள் வராததற்கான காலக்கெடு பொதுவாக 120 நாள், பொருள் வருவதாகச் சொன்ன நாளிலிருந்து கணக்கு. இங்கே பலர் விடும் பிழை ஒன்று இருக்கிறது. கோபத்தில் படிவத்தில் 'என் அனுமதியில்லாமல் எடுத்தார்கள்' என்று குறித்துவிடுகிறார்கள். நீங்களே ஓடிபி அடித்திருப்பதால் வங்கி அதை உடனே நிராகரிக்கும். 'பொருள் கிடைக்கவில்லை' அல்லது 'சொன்னதும் வந்ததும் வேறு' என்ற காரணத்தையே குறிக்க வேண்டும்.

ஏமாந்தது தெரிந்ததும் முதல் வேலை, திட்டுவது அல்ல. வட்ஸ்அப் உரையாடலை 'எக்ஸ்போர்ட் சட்' செய்து மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். ஸ்கிரீன்ஷொட் மட்டும் இருந்தால் வெட்டி ஒட்டியது என்பார்கள். மேலே புளொக் பண்ண வேண்டாம் என்றது இதற்குத்தான்: ஏமாற்றுபவர் இன்னும் காசு வரும் என்று நம்பும்வரை செய்திகளை அழிக்கமாட்டார். பக்கத்தின் பெயரை அல்ல, முழு இணைய முகவரியையும் அதிலுள்ள எண்ணையும் எழுதி வையுங்கள். பெயர் மாறும், எண் மாறாது. விளம்பரம், விலை, கணக்கு இலக்கம் வந்த செய்தி, பணம் போன பற்றுச்சீட்டின் தொடர்பிலக்கம் எல்லாம் ஒரே கோப்பில்.

அதே மணித்தியாலத்தில் உங்கள் வங்கியின் அவசர இலக்கத்துக்கு எடுத்து, பெற்ற வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள், முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் தொலைபேசியை வைக்காதீர்கள். காசு கணக்கில் கிடந்தால் தடுக்க முயலலாம், பெரும்பாலும் ஏடிஎம் வழியாக உடனே எடுத்துவிடுவார்கள். கணக்கு யாருடையது என்று வங்கி உங்களுக்குச் சொல்லாது, வாடிக்கையாளர் இரகசியம் காக்க வங்கிகள் சட்டப்படி கட்டுப்பட்டவை. நீதவான் நீதிமன்றக் கட்டளையோடு பொலிஸார் அதை எடுக்கலாம். வங்கி முறைப்பாட்டையே எடுக்காமல் இழுத்தடித்தால், எழுத்தில் ஒருமுறை முறையிட்ட பின் மத்திய வங்கியின் நிதிசார் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்துக்கு 1935இல் சொல்லலாம். அவர்கள் வங்கியின் நடத்தையைத்தான் பார்ப்பார்கள், விற்றவரை அல்ல.

பொலிஸில் "இது குடியியல் விசயம், மத்தியஸ்த சபைக்குப் போங்கள்" என்று சொல்லும் இடம் அடிக்கடி வரும். மத்தியஸ்த சபைக்கும் எதிராளியின் முகவரி வேண்டும். அதனால் முறைப்பாட்டை 'பொருள் தரவில்லை' என்று தொடங்காதீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 400ஆம், 403ஆம் பிரிவுகள் ஏமாற்றிப் பணம் பெறுவதைப் பற்றியவை. அவற்றுக்குத் தேவை, காசு வாங்கும் முன்பே பொய் சொன்னார் என்பது. ஆகவே போலிக் கூரியர் பற்றுச்சீட்டு, இல்லாத வற், அதே போனின் படத்தை வேறு பக்கத்தில் கண்டது, கேட்டதும் புளொக் செய்தது என்று நாள், நேரத்தோடு வரிசையாக எழுதுங்கள். அதே கணக்குக்குக் காசு போட்ட இன்னும் இருவர் கிடைத்தால் மூவரும் சேர்ந்து போங்கள், முறைப்பாட்டின் தரமே மாறும். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்றப் பிரிவுக்கும் பிரதி அனுப்புங்கள்.

விற்றவர் உண்மையில் இருக்கிற கடைக்காரர், பொருளில்தான் பழுது, உத்தரவாதம் தர மறுக்கிறார் என்றால் வழி வேறு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கியதிலிருந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில். மாவட்டச் செயலகத்திலுள்ள அதன் அலுவலகத்தில் தமிழிலேயே கொடுக்கலாம், 1977க்கு எடுத்தும் வழி கேட்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதை எழுத்து முறைப்பாடாக எண்ணி மூன்று மாதத்தைத் தவறவிடாதீர்கள். பொருளை மாற்றித் தரவோ காசைத் திருப்பவோ உத்தரவிட சபைக்கு அதிகாரம் உண்டு. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது, இணையத்தில் வாங்கினாலும் கேட்டு வாங்குங்கள்.

'கணக்கைக் கொஞ்ச நாள் தாங்கோ, வாற காசில 5 வீதம் உங்களுக்கு' என்று மாணவர்களிடம் கேட்கும் கூட்டத்தையும் கவனியுங்கள். நீதிமன்றக் கட்டளையோடு பொலிஸ் முதலில் வந்து நிற்பது கணக்குக்காரர் வீட்டில்தான். தபால் திணைக்களம் பேரில் 'முகவரி பிழை, சிறு தொகை கட்டுங்கள்' என்று வரும் எஸ்எம்எஸ் லிங்க் இன்னொன்று. அது அட்டை விபரத்துக்கான வலை. லிங்க்கிலுள்ள தளத்தின் முகவரி 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடியாவிட்டால் திறக்கவே வேண்டாம்.

ஏமாந்த கதையைக் குழுக்களில் எழுதினால் ஓரிரு நாளில், "உங்கட காசை எடுத்துத் தாறம், சைபர் பொலிஸில ஆள் இருக்கு, பதிவுக் கட்டணம் 3,500" என்று ஒருவர் உள்பெட்டிக்கு வருவார். பல நேரம் அது முதலில் ஏமாற்றிய அதே கூட்டம். உங்கள் பெயரும் இழந்த தொகையும் அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதால் பேச்சு நம்பும்படி இருக்கும். பொலிஸும் சரி, அதிகார சபையும் சரி, காசை மீட்டுத் தர வட்ஸ்அப்பில் கட்டணம் கேட்பதில்லை. அந்த இலக்கத்தையும் அதே கோப்பில் சேர்த்து, முறைப்பாட்டு இலக்கத்தைச் சொல்லி பொலிஸில் கொடுங்கள்.