ஆவாரை: நேரடி விதைப்பா, பை நாற்றா?

குளியல் பொடிக்குச் சாலையோரத்து ஆவாரம்பூவைப் பறிக்காதீர்கள். வண்டிப் புகை முழுக்க அதில்தான் படிந்திருக்கும். சொந்த மேட்டாங்காட்டில் வளர்ப்பதே நல்லது.

பென்னாகரம், ஊத்தங்கரைப் பக்கத்துச் செம்மண்ணுக்கு நேரடி விதைப்புதான் எங்கள் தேர்வு. விதைத்தோல் கடினமானது, அப்படியே போட்டால் முளைக்காமல் கிடக்கும். நீரைக் கொதிக்கவைத்து இறக்கி, விதையைப் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். உப்பியதை விதையுங்கள், உப்பாததை மணலில் தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். 5 அடி இடைவெளி, குழிக்கு 3 விதை, அரை அங்குல ஆழம். ஆடி மழையில் விதைத்தால், கோடைக்குள் ஆணிவேர் நேராக இறங்கிவிடும்.

பை நாற்றில் விதை வீணாகாது, களைத் தொல்லையும் குறைவு. ஆனால் நாள் கடத்தினால் ஆணிவேர் பையடியில் சுருண்டுவிடும். நட்ட பின்னும் அந்தச் சுருள் நிமிராது. வெயிலில் முதலில் வாடுவது அந்தச் செடிதான். முளைக்காத குழிகளை நிரப்ப மட்டும் கொஞ்சம் நாற்று வைத்திருந்து, புரட்டாசி மழையில் நடுங்கள்.

எப்படி வளர்த்தாலும் மஞ்சள் பட்டாம்பூச்சியின் பச்சைப் புழு இளஞ்செடியை மொட்டையடிக்கும். இடித்த வேப்பங்கொட்டை 50 கிராமை 1 லிட்டர் நீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, மாலையில் தெளியுங்கள். பூக்கத் தொடங்கிய பிறகு தெளிக்கவே கூடாது: தேனீ வரும், பூவும் தோலில் பூசுவதற்கானது. பனி உலர்ந்ததும் பறித்து, வெள்ளைத் துணியில் மெல்லியதாகப் பரப்பி நிழலில் காயவையுங்கள்.