ஜெர்மனியா, இத்தாலியா: போன இடத்தில் பொருந்திப்போவது எங்கே சுலபம்?

ஐரோப்பா போய்வந்தவர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே தீர்ப்புத்தான் வரும். ஜெர்மனி என்றால் கெடுபிடி, எதற்கெடுத்தாலும் விதி, சிரிக்கவே மாட்டார்கள். இத்தாலி என்றால் நம்மூர் மாதிரி, சத்தமாகப் பேசுவார்கள், கையை ஆட்டுவார்கள், ஹாரன் அடிப்பார்கள், குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள், அதனால் நமக்கு அங்கேதான் ஒத்துப்போகும். முதல் தடவை போகிறவர்கள் இதை நம்பித்தான் திட்டமே போடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இரண்டு நாட்டிலும் சுற்றியதை வைத்துச் சொல்கிறேன், பத்து நாள் போய்வருகிறவனுக்குச் சங்கடமில்லாமல் நடமாட ஜெர்மனிதான் சுலபம். அங்கே விதியைப் பலகையில் எழுதி மாட்டிவிடுகிறார்கள், அதைப் பார்த்து நடந்தால் போதும். இத்தாலியிலும் விதிக்குக் குறைச்சல் இல்லை, ஆனால் பாதியை எங்கும் எழுதியிருக்க மாட்டார்கள். பிறந்ததிலிருந்து எல்லோருக்கும் தெரியும் என்ற நினைப்பு.

ஜெர்மனியில் முதலில் இடிப்பது ஞாயிற்றுக்கிழமை. சூப்பர் மார்க்கெட், துணிக்கடை எல்லாம் மூடியிருக்கும். ஞாயிறு ஓய்வு நாள் என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1919-இல் அப்போதைய வைமார் குடியரசின் அரசியல் சட்டத்தில் எழுதிய அந்தப் பிரிவை இன்றைய சட்டமும் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கி, நாளைக்குப் பால் வாங்கிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டால் மறுநாள் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடையோ பெட்ரோல் பங்க்கோதான் கதி. இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை சத்தம் கூடாது, ஞாயிறு அன்று சுவரில் டிரில் போடக் கூடாது. காலி கண்ணாடி பாட்டிலைத் தெருவோரத் தொட்டிக்குள் போடுவதற்குக்கூட எந்த நேரம் என்று தொட்டியின் மேலேயே எழுதியிருக்கும். தண்ணீர் பாட்டில் வாங்கினால் 25 சென்ட் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், காலி பாட்டிலைக் கடையில் இருக்கும் இயந்திரத்தில் போட்டால் காசு திரும்பிவரும். வேண்டாம் என்றால் குப்பைத் தொட்டிக்குள் எறியாமல் பக்கத்தில் நிறுத்திவைப்பது வழக்கம், அதைப் பொறுக்கி நாலு காசு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

படிக்கும்போது தலை சுற்றுகிறதா? ஆனால் கவனியுங்கள், பாதிக்கு மேல் போன இடத்திலேயே எழுதியிருக்கிறது. எழுதாததை யாராவது சொல்லிவிடுவார்கள். ராத்திரி வண்டியே வராத தெருவில் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள். நீங்கள் மட்டும் கடந்தால் அபராதம் வெறும் 5 யூரோதான், ஆனால் பக்கத்தில் குழந்தை நின்றால் ஒரு பாட்டியாவது, பிள்ளைகள் பார்க்கிறார்களே என்று கடிந்துகொள்வார். சைக்கிள் பாதையில் நின்று போட்டோ எடுத்தால் மணியை அடித்துக்கொண்டே ஒருத்தர் திட்டிவிட்டுப் போவார். நம் ஆட்கள் இதை அவமானமாக எடுத்துக்கொள்கிறார்கள், இனவெறியோ என்றுகூட யோசிக்கிறார்கள். அப்படியும் சில நேரம் இருக்கலாம்தான், ஆனால் பெரும்பாலும் இல்லை, அதே பாட்டி இன்னொரு ஜெர்மன்காரரையும் இதே குரலில்தான் திட்டுவார். சொன்னதோடு விஷயம் முடிந்தது, மனதில் வைத்துக்கொள்வதில்லை. வெளியூர்க்காரனுக்கு இதைவிட உபகாரம் வேறு என்ன வேண்டும்?

இத்தாலியில் யாரும் திட்ட மாட்டார்கள். நீங்கள் யார் என்று அவர்களே முடிவுசெய்துகொள்வார்கள், அவ்வளவுதான்.

காபிக் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே அதற்குப் பெயர் பார். உள்ளே நுழைந்ததும் முதலில் வணக்கம், புவோன்ஜோர்னோ, அது இல்லாமல் நேரே ஆர்டரில் இறங்கினால் முகம் மாறும். அப்புறம், கூட்டம் அதிகமுள்ள கடையில் கல்லாவில் காசைக் கொடுத்துவிட்டு ரசீதோடு கவுண்டருக்குப் போக வேண்டும். சின்னக் கடையில் குடித்துவிட்டுக் கடைசியில் கொடுத்தால் போதும். எந்தக் கடை எந்த ரகம் என்று பலகை கிடையாது, முன்னால் போகிறவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, அதே காபியை மேசையில் உட்கார்ந்து குடித்தால் வேறு விலை. வெனிஸில் சான் மார்க்கோ சதுக்கத்து மேசை என்றால் பாட்டுக் கச்சேரிக்கும் சேர்த்து பில் வரும். கப்புச்சீனோ காலைச் சமாச்சாரம், மதியச் சாப்பாட்டுக்கு மேல் கேட்டால் கொடுப்பார்கள், கூடவே ஒரு பார்வையும் வரும். மீன் போட்ட பாஸ்தாவுக்குத் துருவிய சீஸ் கேட்டாலும் அதே பார்வை. காலை பில்டர் காபி, மதியம் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று பாலோடே பழகிய நமக்கு இதெல்லாம் அநியாயமாகத் தெரியும். நான் கேட்டுக் குடிக்கிறவர்கள் பக்கம்தான், காசு கொடுப்பது நாம்தானே. ஆனால் பொருந்திப்போகிறோம் என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

காய்கறிச் சந்தை இன்னும் மோசம். நுனியை ஒடித்துப் பார்க்காமல் வெண்டைக்காய் வாங்காத ஊர் நம்முடையது. இத்தாலியச் சந்தையில் தக்காளியில் கை வைத்தால் கடைக்காரருக்குக் கோபம் வரும், எத்தனை வேண்டும், இன்றைக்குச் சமைக்கவா நாளைக்கா என்று சொன்னால் அவரே பொறுக்கித் தருவார். சூப்பர் மார்க்கெட்டில் மெல்லிய பிளாஸ்டிக் கையுறை வைத்திருப்பார்கள், அதை மாட்டிக்கொண்டுதான் பழத்தைத் தொட வேண்டும்.

எழுதிய விதி இத்தாலியில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது, அதுவும் சுற்றுலாக் கூட்டம் தாங்காமல் நகராட்சிகள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தவை நிறைய. ரோமில் ஸ்பானியப் படிக்கட்டில் உட்காருவதை 2019-இல் தடைசெய்தார்கள், அபராதம் 400 யூரோ வரை. பிளாரன்ஸில் 2018-இல் சில தெருக்களில் நடைபாதையில் உட்கார்ந்து சாப்பிடுவதற்குத் தடை வந்தது. வெனிஸில் புறாவுக்கு இரை போடக் கூடாது. 2024-லிருந்து குறிப்பிட்ட நாட்களில், இரவு தங்காமல் பகலில் வந்துபோகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணமும் உண்டு. இதில் எனக்குப் பிடித்த சம்பவம் 2019 ஜூலையில் நடந்தது. ரியால்ட்டோ பாலத்துப் படிக்கட்டில் சின்ன அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு பேருக்கு 950 யூரோ அபராதம் போட்டு ஊரை விட்டுப் போகச் சொன்னார்கள். அந்த இரண்டு பேரும் யார் தெரியுமா? ஜெர்மன்காரர்கள். விதியிலேயே வளர்ந்தவர்களுக்கே அங்கே இந்த நிலைமை.

சாப்பாட்டு மேசையில் என் ஓட்டு மறுபடியும் ஜெர்மனிக்குத்தான், ஆனால் சாப்பாட்டுக்காக இல்லை (அதில் இத்தாலியோடு போட்டியே கிடையாது). தெற்கு மாநிலமான பவேரியாவில் பீர் தோட்டம் என்று மரநிழலில் நீள நீளமாக பெஞ்ச் போட்டிருப்பார்கள், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். மேசை விரிப்பு இல்லாத மேசைகளில் நம் சாப்பாட்டை நாமே கொண்டுபோய்ச் சாப்பிடலாம், குடிப்பதை மட்டும் அங்கே வாங்கினால் போதும். பீர் காய்ச்சுகிறவர்கள் தங்கள் கிடங்கிலேயே பீர் விற்கலாம், சாப்பாடு விற்கக் கூடாது என்று 1812-இல் மன்னர் முதலாம் மாக்ஸிமிலியன் போட்ட உத்தரவிலிருந்து வந்த பழக்கம் இது. புளிசாதம் கட்டிக்கொண்டு போய் ஆப்பிள் ஜூஸ் வாங்கிக் குடித்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஒன்றே ஒன்று, ஷ்டாம்டிஷ் என்று பலகை வைத்த மேசையில் உட்காராதீர்கள், அது வாடிக்கைக்காரர்களுக்கு. பாருங்கள், அதற்கும் பலகை.

இத்தாலியில் இரவுச் சாப்பாடு எட்டு மணிக்கு மேல்தான். நாலு மணிக்குப் பசித்தால் சமையலறை மூடியிருக்கும். பில்லில் தலைக்கு இவ்வளவு என்று கொப்பெர்த்தோ என ஒரு தொகை வரும், அது ஏமாற்று வேலை இல்லை, உட்கார்ந்ததற்கும் ரொட்டிக்கும். பில்லை நீங்கள் கேட்காமல் கொண்டுவர மாட்டார்கள், கொண்டுவந்தால் எழுந்து போ என்று சொல்வதாகிவிடும். நாலு பேர் போய் இரண்டு பீட்சா சொல்லிப் பங்குபோடுவது நமக்குச் சாதாரணம், அங்கே ஆளுக்கு ஒன்று. சைவக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பர்மெஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும், பாலை உறைய வைக்கும் பொருளைப் போட்டுச் செய்வது, கறி இல்லாத பாஸ்தாவிலும் அந்த சீஸ் இருக்கலாம். ஜெர்மனியில் பெரிய நகரங்களில் வீகன் என்ற ஒரு வார்த்தையோடு வேலை முடிந்துவிடும்.

இத்தாலி அடித்து ஜெயிக்கிற இடம் குளியலறை. சிரிக்க வேண்டாம், அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1975-இல் வந்த அரசாணைப்படி வீட்டுக்கு ஒரு குளியலறையிலாவது பிடே, அதாவது கழுவிக்கொள்ளும் தொட்டி, இருந்தாக வேண்டும். ஹோட்டல்களிலும் பெரும்பாலும் இருக்கும். ஜெர்மனியில் காகிதம்தான், பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். குடிதண்ணீரிலும் இத்தாலிதான். ரோமில் சுமார் 2,500 தெருக் குழாய்களில் நல்ல தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மன் உணவகத்தில் தண்ணீர் என்று கேட்டால் காசு கொடுக்கும் பாட்டில், அதுவும் சோடா. குழந்தைகளோடு போனாலும் இத்தாலிதான்: ராத்திரி பத்து மணிக்கு உணவகத்தில் பிள்ளை ஓடினாலும் சர்வர் தூக்கிக் கொஞ்சுவார்.

யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் ஜெர்மனியில் ஏழு மணி என்றால் ஏழு மணி. பல வீடுகளில் செருப்பைக் கழற்றுவார்கள், அது நமக்குக் கைவந்த விஷயம். இத்தாலியில் கால் மணி நேரம் தாமதமாகப் போவதில் தப்பில்லை, சொன்னாலொழிய ஷூவைக் கழற்ற வேண்டாம், வாசற்படி தாண்டும்போது பெர்மெஸ்ஸோ என்று அனுமதி கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பூ வாங்கினால் செவ்வந்தி மட்டும் கூடவே கூடாது. நமக்குச் சாமிக்குப் போடும் பூ, அவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் சமாதியில் வைக்கும் பூ.

ஆனால் சுலபம் என்று நான் சொல்லும் ஜெர்மனியில் நம்மவர்கள் யோசிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது, ஸ்வஸ்திக். ஹிட்லரின் நாஜிக் கட்சி தன் சின்னமாக வைத்துக்கொண்டது அதைத்தான். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், கழுத்துச் சங்கிலியில் தொங்கும் டாலர், கல்யாணப் பத்திரிகை. தடைசெய்யப்பட்ட அமைப்புகளின் சின்னங்களைக் காட்டுவது அங்கே குற்றவியல் சட்டத்தின் 86-அ பிரிவில் வருகிறது, மூன்று ஆண்டு வரை சிறை. சட்டத்தின் குறி நாஜிகள்தான், சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை. ஆனாலும் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் பெட்டி என்ன சொல்கிறது என்று யோசித்துப் பாருங்கள், பிள்ளையார் ஸ்டிக்கர் போதும். அதே போல முன்பின் தெரியாதவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, கேட்காமல் போட்டோ எடுத்து இணையத்தில் போடாதீர்கள். தன் படத்தின் மேல் தனக்குத்தான் உரிமை என்று 1907-லேயே சட்டம் எழுதிய நாடு.

இதுவரை சொன்னது பத்து நாள் கணக்கு. வருடக் கணக்கில் இருந்தவர்கள் எப்படிப் பொருந்திப்போனார்கள் என்று பார்த்தால் இரண்டு நாட்டின் குணமும் தெளிவாகத் தெரிகிறது, அதற்கு ஈழத்தமிழர்களே சாட்சி. ஜெர்மனியில் ஹாம் நகரத்தில் காமாட்சி அம்பாள் கோயிலுக்கு 2002-இல் குடமுழுக்கு நடந்தது, கோபுரமே 17 மீட்டர். இருக்கும் இடம் குடியிருப்புத் தெரு இல்லை, ஊருக்கு வெளியே தொழிற்பேட்டை. மணிச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் யாரும் புகார் சொல்ல வழியில்லை. தேர்த் திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், பக்கத்துக் கால்வாயிலேயே தீர்த்தம் ஆடுகிறார்கள். விதிக்குள் இடத்தைப் பிடித்துவிட்டால் அதற்குள் முழுக்க நம் இஷ்டம். சிசிலியின் பலெர்மோவில் வேறு கதை. 1624-இல் கொள்ளைநோயிலிருந்து ஊரைக் காத்ததாக நம்பப்படும் சாந்தா ரொசாலியா அங்கே காவல் தெய்வம், பெல்லெக்ரீனோ மலைமேல் குகைக்கோயில். அங்கே குடியேறிய தமிழர்கள், கிறிஸ்தவர்கள் மட்டுமில்லாமல் இந்துக்களும், அந்த மலையேறிப் போய் நேர்த்திக்கடன் வைக்கிறார்கள். அதாவது ஊர் கும்பிடுகிற சாமியைத் தானும் கும்பிட்டு உள்ளே போனார்கள். எது உயர்ந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒன்றுக்கு மனுப் போட வேண்டும், மற்றொன்றுக்கு மலையேற வேண்டும்.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்கப்போகிறீர்கள் என்றால் மியூனிக்கில் தொடங்குங்கள். அங்கிருந்து பிரென்னர் கணவாய் வழியாக வெரோனாவுக்கு நேர் ரயில் இருக்கிறது. நடுவில் போல்சானோவில் ஓர் இரவு தங்குங்கள். முதல் உலகப்போர் முடிந்தபின் இத்தாலியோடு சேர்ந்த பகுதி, நிலையத்துப் பெயர்ப்பலகையே இரண்டு மொழியில் இருக்கும், சுற்றியுள்ள ஊர்களில் ஜெர்மன்தான் பேச்சு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று இத்தாலியில் பெரிய விடுமுறை, ஊர்க்காரர்கள் பாதிப் பேர் கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போயிருப்பார்கள், அப்புறம் காபிக்குக் காசு முன்னாலா பின்னாலா என்று யாரைப் பார்த்துத் தெரிந்துகொள்வீர்கள்?