டி.என்.ஏ. சான்றிதழோடு வரும் ஷெப்பர்ட் குட்டிகள்: மட்டக்களப்பு, அம்பாறைக்காரர்கள் பணம் கொடுக்குமுன் படியுங்கள்

வெளிமாவட்டத்திலிருந்து வான் வண்டியில் நாய்க்குட்டிகளை ஏற்றி வந்து, செங்கலடி, கல்லடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று சந்திக்குச் சந்தி இறக்கிக் கொடுத்துவிட்டுப் போகும் ஒருவரிடம் நாங்கள் ஜேர்மன் ஷெப்பர்ட் குட்டி ஒன்று வாங்கினோம். முறைப்பாடு நடந்துகொண்டிருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. எழுதினாலும் பெரிய பயன் இருக்காது. பேஸ்புக்கில் அவர் அடிக்கடி பெயர் மாற்றிக்கொள்கிறார். அவருடைய வியாபாரப் பேச்சைத் தெரிந்துவைத்துக்கொள்வதே உதவும்: “தாய், தகப்பன் இரண்டும் டி.என்.ஏ. கிளியர். பரம்பரை நோய் ஒன்றும் வராது அண்ணன். எழுத்தில் தருகிறேன்.”

எழுத்தில் தந்தார். நாய் விற்பவர்கள் வாயால் புளுகுவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். இவர் ஆவணத்தோடு புளுகினார். குட்டியின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய். அதே கிழமை ஆரையம்பதியில் ஒருவர் சான்றிதழ் இல்லாத குட்டியைப் பாதி விலைக்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். ஆக, மற்றப் பாதியை நாங்கள் கொடுத்தது அந்தக் கடதாசிக்குத்தான்.

கடதாசி பார்வைக்கு நன்றாகவே இருந்தது. தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, இரண்டும் லாமினேட் செய்யப்பட்டவை. மேலே வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றின் பெயர், தங்க நிறத்தில் முத்திரை, கீழே வரிசையாக நோய்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே பச்சையில் ‘கிளியர்’. தாய் நாயின் பெயர் இருந்த வரியில் மட்டும் எழுத்துகள் சற்றுத் தடித்து, கோட்டை விட்டு மேலே எம்பி நின்றன. கியூ.ஆர். குறியீடு கைத்தொலைபேசியில் பிடிபடாத அளவுக்கு மங்கியிருந்தது. “பிரதி எடுத்ததில் மங்கிவிட்டது அண்ணன், மூலப் பிரதி வீட்டில் இருக்கிறது” என்றார். அந்த மூலப் பிரதியை இன்றுவரை யாரும் கண்டதில்லை.

குட்டிக்கு ஷீபா என்று பெயர் வைத்தோம். நீளமான முடி, இந்த வியாபாரத்தில் லோங் கோட் என்பார்கள், அதற்கும் தனி விலை. மட்டக்களப்பின் சித்திரை வெயிலுக்கு இவ்வளவு முடி எதற்கு என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான், எங்களிடம் பதில் இல்லை. இந்த முடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

ஏழு மாதமாகும்போது ஷீபாவின் ஓட்டம் மாறியது. பின்னங்கால் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முயல்போலத் துள்ளித் துள்ளி ஓடும். பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு விறாந்தைப் படியில் ஏறுமுன் நின்று யோசிக்கத் தொடங்கியது. படுத்து எழும்பும்போது முன்னங்கால்களை ஊன்றி உடம்பை இழுத்துத் தூக்கும். ஊரில் பார்த்த மிருக வைத்தியர் இடுப்பைத் தொட்டதும் திரும்பிக் கடிக்கப் பார்த்தது. எக்ஸ்ரே எடுக்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள் என்றார் அவர்.

மகா ஓயா, பதியத்தலாவை, மகியங்கனை வழியாகப் போனோம். மலை வளைவுகளில் ஏறும்போது நாயும் வாந்தி எடுத்தது, நாய்க்குத் துணையாக வந்த மைத்துனனும் எடுத்தான். பேராதனையில் மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்களை நேராக இழுத்துப் பிடித்துப் படம் எடுத்தார்கள். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் ஆழமாக அமர்ந்திருக்க வேண்டும். ஷீபாவுக்கு இரண்டு பக்கமும் பாதி வெளியே நின்றது. இடப்பக்கக் குழியில் ஆழமே இல்லை. ஹிப் டிஸ்பிளேசியா, அதாவது இடுப்பு மூட்டு சரியாக உருவாகாத நோய். பெரிய உடம்புள்ள இனங்களில், குறிப்பாக ஷெப்பர்ட்களில், நெடுங்காலமாக அறியப்பட்ட பரம்பரைக் கோளாறு.

விற்றவரை அழைத்தேன். குரல் கொஞ்சமும் மாறவில்லை. “டி.என்.ஏ.யில் ஹிப் கிளியர் என்று இருக்கிறதே அண்ணன். நீங்கள் டைல்ஸ் தரையில் ஓடவிட்டிருப்பீர்கள். சோறும் இறைச்சியும் அள்ளிப் போட்டிருப்பீர்கள். பரம்பரையில் இல்லாததை நீங்களே உண்டாக்கிவிட்டு என்னைக் கேட்கிறீர்கள்.”

இதில் எரிச்சலூட்டும் சங்கதி என்னவென்றால், அவர் சொன்னதில் பாதி உண்மை. அமெரிக்காவில் 48 லாப்ரடோர் குட்டிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். 1992இல் வெளியான முடிவின்படி, குறைவாக உண்ட குட்டிகளில் இந்த நோய் தெளிவாகக் குறைந்திருந்தது. கொழுக்க வளர்ப்பதும் வழுக்கும் தரையும் மூட்டைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் இருப்பது வழுக்காத சீமெந்துத் தரை, ஷீபாவும் ஒல்லி. பேராதனையில் எடை பார்த்தவர்களே அதைச் சொன்னார்கள். பாதி உண்மையைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசும் மோசடிக்காரனோடு வாதாடுவது கடினம். ஆகவே வாதத்தை விட்டுவிட்டுக் கடதாசியை எடுத்தேன்.

‘ஹிப் டிஸ்பிளேசியா: கிளியர்’. டி.என்.ஏ. அறிக்கையில் இப்படி ஒரு வரி இருந்தாலே அது பொய் என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில நோய்கள் ஒரே ஒரு பரம்பரையலகின் (ஜீனின்) பிழையோடு பிணைந்திருக்கும்; அவற்றை டி.என்.ஏ.யில் தேடிப் பிடிக்கலாம். ஷெப்பர்ட்களுக்கு முதுமையில் பின்னங்கால்கள் செயலிழக்கும் ஒரு முள்ளந்தண்டு நோய் உண்டு, டி.எம். என்று சுருக்கிச் சொல்வார்கள். எஸ்.ஓ.டி.1 என்ற பரம்பரையலகின் மாற்றம் அதற்குப் பின்னால் இருப்பது 2009இல் தெரியவந்தது, மனிதரில் ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோயின் ஒரு வகைக்கும் இதே பரம்பரையலகுதான் காரணம். இதற்குச் சோதனை உண்டு, அறிக்கையில் ‘கிளியர்’, ‘காவி’ (பிழையான பிரதி ஒன்றைச் சுமப்பது), ‘அபாயத்தில்’ என்று எழுதலாம். தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பிழையான பிரதி வந்து இரண்டும் இருந்தாலும் எல்லா நாய்க்கும் நோய் வந்துவிடுவதில்லை என்பதால், அந்த மூன்றாவது சொல்கூட அளந்தே எழுதப்படும்.

இடுப்பு மூட்டு விவகாரம் அப்படியல்ல. பல பரம்பரையலகுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, உணவும் எடையும் சேர்ந்து வருவது. அபாயம் கூடவா குறைவா என்று டி.என்.ஏ.யை வைத்து மதிப்பிடும் முயற்சிகள் இருக்கின்றன. ஆனால் ‘கிளியர்’ என்று முத்திரை குத்தும் சோதனை எந்த ஆய்வுகூடத்திலும் இல்லை. உலகம் முழுக்க இதற்கு எக்ஸ்ரேதான். அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓ.எஃப்.ஏ. நிறுவனம் நாய்க்கு 24 மாதம் நிறைந்த பிறகே இறுதித் தரம் கொடுக்கிறது. பென்ஹிப் என்ற முறையில் 16 கிழமைக் குட்டியின் மூட்டுத் தளர்வையே அளக்கலாம். இவ்வளவையும் விட்டுவிட்டு நம் ஆள் பச்சை நிறத்தில் ஒரு சொல்லை அடித்து முடித்துவிட்டார்.

அடுத்த ஓட்டையைக் கண்டுபிடித்தவள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் என் மகள். தாயின் அறிக்கையில் கடைசிப் பகுதி நோய்களைப் பற்றியது அல்ல. முடி, நிறம் போன்ற இயல்புகள். அங்கே முடி நீளத்துக்கு எதிரே, நீள்முடிக்கான பரம்பரையலகுப் பிரதி ஒன்றுகூட இல்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. ஷெப்பர்ட்களில் நீள்முடி பின்னிடைவான இயல்பு, எஃப்.ஜி.எஃப்.5 என்ற பரம்பரையலகு அதைத் தீர்மானிக்கிறது. குட்டிக்கு நீளமான முடி வரவேண்டுமானால் தாயிடமிருந்து ஒரு பிரதி, தகப்பனிடமிருந்து ஒரு பிரதி, இரண்டும் வேண்டும். மகள் மின்சாரக் கட்டணப் பட்டியலின் பின்புறத்தில் நான்கு கட்டம் கீறி, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக நிரப்பிக் காட்டினாள். எந்தக் கட்டத்திலும் ஷீபா வரவில்லை. “அப்பா, ஒன்றில் இந்த அறிக்கை அந்தத் தாயுடையது இல்லை, இல்லாவிட்டால் ஷீபா அந்தத் தாயின் குட்டி இல்லை” என்றாள். மெண்டலின் பட்டாணிக் கணக்கு. வாங்க வருபவர்கள் பச்சை நிறத்தை மட்டும் பார்ப்பார்கள் என்று தெரிந்ததால் கடைசி வரிகளை மாற்ற அவர் மினக்கெடவில்லை.

அறிக்கை எண்ணைக் குறித்து அந்த ஆய்வுகூடத்துக்கு எழுதினேன். உரிமையாளரின் விபரத்தைச் சொல்ல முடியாது என்றார்கள். ஆனால் அந்த எண்ணுக்குரிய நாய் நான் அனுப்பிய பிரதியில் உள்ள நாய் அல்ல என்று உறுதிப்படுத்தினார்கள். யாரோ ஒருவருடைய உண்மையான அறிக்கையில் பெயரை மாற்றி, இல்லாத ஹிப் வரியைச் செருகியிருக்கிறார்.

மூட்டு நோயாவது கண்ணுக்குத் தெரிந்தது. அதே பக்கத்தில் எம்.டி.ஆர்.1 என்ற வரிக்கு எதிரேயும் ‘கிளியர்’ என்றுதான் இருந்தது. அந்தப் பரம்பரையலகில் பிழை உள்ள நாய்க்குச் சில மருந்துகள் மூளைக்குள் புகுந்துவிடும். கொலி இன நாய்களில் இது அதிகம், 2001இல் கண்டறியப்பட்டது. ஷெப்பர்ட்களிலும் ஒரு பங்கு நாய்களுக்கு உண்டு. சொறிக்கு நம் ஊரில் சர்வசாதாரணமாக ஐவர்மெக்டின் ஊசி போடச் சொல்லிக் கேட்கிறோம் அல்லவா? சொறிக்குக் கொடுக்கும் அளவில் அந்த மருந்து இப்படிப்பட்ட நாயைக் கோமாவில் தள்ளலாம், கொல்லவும் கூடும். யாரோ ஒரு நாயின் அறிக்கையை நம்பி ஒரு வைத்தியர் ஊசியை எடுத்திருந்தால்? இதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. இப்போது ஷீபாவை எந்த வைத்தியரிடம் கொண்டுபோனாலும், பத்திரம் பொய், எம்.டி.ஆர்.1 தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டி.என்.ஏ. சோதனையே ஏமாற்று என்று யாரும் புரிந்துகொள்ள வேண்டாம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கும் சிறு மாதிரியில் அவ்வளவு விடயங்கள் தெரிகின்றன. கேள்வி, எந்த நாயின் வாயில் அந்தக் குச்சி போனது என்பதுதான். ஆகவே தாய் நாயின் உடம்பில் மைக்ரோசிப் இருக்கிறதா, அதன் 15 இலக்க எண் அறிக்கையில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். கருவியை நாயின் தோளில் வைத்து எண்ணைக் காட்டச் சொல்லுங்கள், வட்ஸ்அப் காணொளியாக இருந்தாலும் பரவாயில்லை. எங்கள் ஆளிடம் பிறகு இதைக் கேட்டபோது சிப் கருவி பழுது என்றார், அடுத்த முறை தாய் நாயே விற்றாகிவிட்டது என்றார். அறிக்கையைப் படமாக வாங்காதீர்கள். ஆய்வுகூடத்தின் தளத்திலிருந்து நேரடியாகத் திறக்கும் இணைப்பைக் கேளுங்கள். இடுப்புக்குத் தாய், தகப்பன் இருவரின் எக்ஸ்ரே தரத்தைக் கேளுங்கள். அது இருந்தாலும் அபாயம் குறையுமே தவிர இல்லாமல் போகாது, அதையும் ஒளிக்காமல் சொல்பவரே நேர்மையான வளர்ப்பாளர். வம்சாவளிப் பத்திரத்தைக் காட்டி ஆரோக்கியப் பத்திரம் என்பவர்களும் இருக்கிறார்கள். அது பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லும், மூட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தாயும் தகப்பனும் கிளியர் என்றால் குட்டிக்குச் சோதனை தேவையில்லை என்பது அவர் அடிக்கடி சொல்லும் இன்னொரு வசனம். பின்னிடைவான ஒற்றைப் பரம்பரையலகு நோய்களுக்கு அந்தத் தர்க்கம் சரி, தகப்பன் உண்மையில் அந்தத் தகப்பனாக இருந்தால்.

பணத்தைக் காசாகக் கொடுக்காமல் வங்கியில் போட்டிருந்ததால் சிட்டை கையில் இருக்கிறது; ‘ஹிப் உட்பட எல்லாம் கிளியர்’ என்று அவர் அனுப்பிய குரல் பதிவும் இருக்கிறது. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதினேன், 1977 என்ற இலக்கத்திலும் பேசினேன். பொலிஸில் “நாய் உயிரோடுதானே இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு முறைப்பாட்டை எழுதிக்கொண்டார்கள். இப்போது விடயம் மத்தியஸ்த சபைக்குப் போகிறது. இடையில் அவர் ஒரு சமாதானம் பேசினார்: ஷீபாவைத் திருப்பிக் கொடுத்தால் வேறு குட்டி தருவாராம். திருப்பி எடுக்கும் நாயை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். தொடர்பு துண்டிக்கப்பட்டது.

ஷீபா எடை கூடாமல் இருக்க வேண்டும், துள்ளக் கூடாது, நீந்தினால் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். வாவியில் இறக்க முடியாது, முதலை. கடல் அடங்கியிருக்கும் காலத்தில் கல்லடியில் மைத்துனன் இடுப்பளவு நீரில் நின்று பிடித்துக்கொள்ள, நீந்துகிறது. வலி கூடினால் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுக்கும் சத்திரசிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார்கள்.

எங்களுக்குக் குட்டி தந்த அன்று அதே கூண்டில் இன்னும் சில நீள்முடிக் குட்டிகள் இருந்தன. கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் போகின்றன என்றார். வாங்கியவர்கள் இதைப் படித்தால், நாய் நன்றாக ஓடினாலும் ஒரு தடவை இடுப்பை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், அதற்குமுன் இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். உங்களிடம் இருக்கும் சான்றிதழில் அறிக்கை எண்ணையும் முடி நீள வரியையும் பார்த்து எனக்கு அறிவியுங்கள். ஒரே எண் இரண்டு வீடுகளில் இருந்தால் சபையில் நான் அதிகம் பேச வேண்டியிருக்காது.