வெப்ப ஆய்வுக்கு எது: சினெகோகாக்கஸா, புரோகுளோரோகாக்கஸா?

இரண்டுமே கடலில் ஒளிச்சேர்க்கை செய்து வாழும் நுண்ணிய சயனோபாக்டீரியாக்கள். அவை சூட்டை எப்படித் தாங்குகின்றன என்று பார்க்கும் முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுக்கு இரண்டே ஆண்டுகள்தான் கையில் என்றால், நான் சினெகோகாக்கஸைத்தான் சொல்வேன். இதில் குளிர்கடல் வகைகளும் வெப்பக்கடல் வகைகளும் தனித்தனிக் கிளைகளாகவே பிரிந்திருக்கின்றன. பிரான்சின் ராஸ்கோஃப் நகரிலுள்ள கடல் நுண்ணுயிர்ச் சேகரிப்பில் இரண்டுமே உண்டு. ஒரே சூட்டில் இரண்டையும் வளர்த்து, ஒளியை வாங்கும் ஃபைக்கோபிலிசோம் என்ற புரதத் தொகுப்பு எப்படிக் குலைகிறது, ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான டி1 புரதம் சேதமானால் அது எவ்வளவு வேகமாக மாற்றப்படுகிறது என்று நேருக்கு நேர் பார்க்கலாம். அழகான சோதனை அது!

1988-இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட புரோகுளோரோகாக்கஸ் இன்னும் சிறியது. எண்ணிக்கையில் அதை மிஞ்சும் ஒளிச்சேர்க்கை உயிரி கிடையாது. ஆனால் மரபணுக்களைக் குறைத்துக்கொண்டதில் ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற நச்சைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதியையும் இழந்துவிட்டது. அந்த நச்சை அகற்ற அக்கம்பக்கத்து பாக்டீரியாக்களை நம்பியிருக்கிறது. கூட்டாளியோடு வளர்த்தால், சூட்டைத் தாங்கியது யார் என்று பிரித்தறிவது கடினம். சரி, கடலிலும் அது தனியாக வாழ்வதில்லையே. அவகாசம் கூடுதலாகக் கிடைத்தால் அந்தக் கூட்டுவாழ்வையே ஆராயலாம்.