பெயரில் மட்டும் கண்டென்சிங்

லண்டனில் எங்கள் வீட்டில் 2001இல் மாட்டிய பாய்லரைக் கழற்றிவிட்டு கண்டென்சிங் காம்பி பாய்லர் (வீட்டைச் சூடாக்குவதும் குளிக்க வெந்நீர் தருவதும் ஒரே கேஸ் பெட்டி) போட்டு இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. 2005க்குப் பிறகு இங்கிலாந்தில் புதிதாக கேஸ் பாய்லர் மாட்டினால் அனேகமாக இந்த வகைதான் மாட்ட வேண்டும், அதனால் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை. லேபிளில் 92 சதவீதத் திறன் என்று போட்டிருந்தது. ஆனால் முதல் குளிர்காலத்து கேஸ் பில் அப்படியொன்றும் இறங்கவில்லை.

காரணம் பாய்லர் இல்லை. கேஸ் எரியும்போது நீராவியும் உண்டாகும், பழைய பாய்லர் அதை அப்படியே புகைக்குழாய் வழியாக வெளியே விட்டுவிடும். இட்லிப் பானை மூடியைத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டவர்களுக்கு ஆவியில் எவ்வளவு சூடு இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புதியது, அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களைச் சுற்றி ஆறி வரும் தண்ணீரை வைத்தே அந்தப் புகையைக் குளிரவைத்து, ஆவியைத் தண்ணீராக்கி (இதுதான் கண்டென்சிங்), அந்தச் சூட்டையும் பிடுங்கிக்கொள்கிறது. ஆனால் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் இது நடக்கும். மாட்டிய ஆளோ பாய்லரிலிருந்து கிளம்பும் தண்ணீரையே 80 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்!

60க்கு இறக்கினேன், சுற்றித் திரும்பும்போது 55க்குக் கீழே ஆறிவிடும். ரேடியேட்டர் படம் போட்ட குமிழைத்தான் திருக வேண்டும், தண்ணீர்க் குழாய் படம் போட்டது குளிக்கிற வெந்நீருக்கு. அன்று இரவே ஆவி ஆறி உண்டான தண்ணீர் வெளியேற சிங்க் அடியில் போகும் வெள்ளை பிளாஸ்டிக் குழாயில் அவ்வப்போது களக் களக்கென்று சத்தம். பில்லும் இறங்கியது. வீடு சூடாகக் கொஞ்சம் நேரம் ஆகும், ரேடியேட்டரைத் தொட்டால் முன்பு மாதிரி சுடாது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, "ஹீட்டிங் போட்டிருக்கியா இல்லையாப்பா?" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

ஒரு குறை. அந்த வெள்ளைக் குழாயை ஒல்லியாக, உறை எதுவும் போடாமல் வெளிச் சுவரோடு விட்டிருந்தார்கள். ஜனவரியில் ஒரு காலை உள்ளே ஐஸ் கட்டி பாய்லர் நின்றுவிட்டது. வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி இளக்கினேன் (கொதிநீர் ஊற்றினால் குழாய் விரிசல் விடலாம்). மாட்டிய கம்பெனி வந்து பார்க்கவே தனிக் காசு கேட்டது, வேறு ஆளை வைத்து 32 மில்லிமீட்டர் குழாயாக மாற்றி உறையும் போட்டாயிற்று.

அந்தக் குழாயில் வரும் தண்ணீரைப் பிடித்து ரோஜாச் செடிக்கு ஊற்றலாமே என்றார் அம்மா. வேண்டாம், அது அமிலத் தண்ணீர்.