"அசல் சாவியுடன்" வரும் பழைய லீவர் பூட்டு: பணம் கொடுக்குமுன் இதைப் படியுங்கள்

பழைய பூட்டு சேகரிப்பவர்களுக்கு, குறிப்பாக இப்போதுதான் இதில் இறங்கியிருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. "அசல் சாவி இருக்கு, நல்லா வேலை செய்யுது" என்று ஒரு லீவர் பூட்டு (உள்ளே இருக்கும் தகடுகளைச் சாவி தூக்கினால் திறக்கும் பூட்டு) விற்பனைக்கு வந்தால், அந்த "நல்லா வேலை செய்யுது"வை முதலில் சந்தேகப்படுங்கள். அப்படி ஒன்றுக்கு நான் 18,000 ரூபாய் கொடுத்தேன்.

விற்றவர் பழம்பொருள் வியாபாரி. கடையும் உண்டு, வாட்ஸ்அப்பிலும் விற்கிறார். லண்டனின் "சப்" (Chubb) என்ற பூட்டுக் கம்பெனியின் பித்தளைப் பூட்டு, ஆறு லீவர், 1840ஆம் வருஷத்துச் சரக்கு, செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்தது என்றார். வீடியோவில் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பியது. கூடவே ஒரு கதையும் சொன்னார். போர்ட்ஸ்மத்தில் சிறைக்கப்பலில் இருந்த ஒரு கைதிக்குப் பூட்டு செய்வதுதான் தொழிலாம். இந்தக் கம்பெனிப் பூட்டைத் திறந்தால் விடுதலையும் 100 பவுண்டும் தருகிறோம் என்று சொல்லியும், மாதக்கணக்கில் முயன்று தோற்றுப்போனானாம்.

கதை உண்மைதான். ஆனால் அது ஜெரமையா சப் 1818இல் காப்புரிமை வாங்கிய டிடெக்டர் பூட்டின் கதை. ஏதாவது ஒரு லீவரை அளவுக்கு மேல் தூக்கினால் அந்தப் பூட்டு இறுகிவிடும். யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று சொந்தக்காரருக்குத் தெரிந்துவிடும். அந்தக் கம்பெனி செய்த எல்லாப் பூட்டும் டிடெக்டர் ஆகிவிடாது. அந்த டிடெக்டரையே 1851இல் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் லண்டனில் 25 நிமிடத்தில் திறந்துகாட்டினார். அந்தப் பாதியை எந்த வியாபாரியும் சொல்வதில்லை!

பூட்டு வந்தது. வீடியோவில் காட்டாத பக்கத்தைத் துடைத்துப் பார்த்தால், கம்பெனி பெயருக்குக் கீழே "128, குயின் விக்டோரியா ஸ்ட்ரீட்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறது. லண்டனில் அந்தத் தெரு போக்குவரத்துக்குத் திறந்ததே 1871இல்தான். அதற்கு முன்பு கம்பெனியின் விலாசம் செயின்ட் பால்ஸ் சர்ச்யார்டு. 1840ஆம் வருஷத்துப் பூட்டில் இந்தத் தெரு எப்படி வரும்? போன் போட்டுக் கேட்டேன். "பாலிஷ் போடும்போது அடிச்சிருப்பாங்க சார்" என்றார். அதற்குமேல் என்ன கேட்பது?

சரி, வருஷம்தான் பொய், பூட்டாவது அசலாக இருக்கிறதே என்று நினைத்தேன். அடுத்து சாவியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். பிடியில் அடித்திருந்த எண் பூட்டின் எண்ணேதான். ஆனால் சாவி முழுக்கக் கறுத்திருக்க, எண்ணின் பள்ளத்துக்குள் மட்டும் உலோகம் பளபளத்தது. எண்ணைச் சுற்றிப் பிதுங்கிய விளிம்பு தேயவே இல்லை, விரலில் உரசியது. பல வருஷம் இடுப்பிலும் மடியிலும் கிடந்த சாவி அப்படி இருக்காது. கடைசியாக, என் பழைய மேசை டிராயரின் குழல் சாவியை (தண்டு குழாய்போல உள்ளீடற்ற சாவி)ச் சும்மா நுழைத்துத் திருப்பினேன். பூட்டு திறந்துகொண்டது. சிறைக்கப்பல் கைதியால் முடியாததை என் டிராயர் சாவி செய்துவிட்டது.

திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு செய்த ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். (திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, செய்யும் கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன.) அவர் சாவித் துவாரத்தில் டார்ச் அடித்தார், வளைத்த கம்பி ஒன்றை உள்ளே விட்டுத் துழாவினார், சிரித்தார். "தேங்காயைத் துருவிட்டு செரட்டையை வித்திருக்கான் தம்பி. உள்ளே ஒத்தை லீவர்தான் கிடக்கு."

நடந்தது இதுதான். லீவர் என்பது மெல்லிய தகடு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றையும் ஒரு ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு படியும் ஒரு தகட்டை அதற்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரே கோட்டில் வந்தால்தான் தாழ் நகரும். கொஞ்சம் குறைந்தாலும் நகராது, கூடினாலும் நகராது. ராபர்ட் பேரன் 1778இல் கண்டுபிடித்த முறை இது. சாவி தொலைந்த பூட்டுக்கு நேர்மையாகச் சாவி போட வேண்டுமானால், ஒவ்வொரு லீவரின் உயரத்தையும் அளந்து அரத்தால் ராவ வேண்டும். அது பொறுமையான வேலை, கூலியும் அதிகம். குறுக்கு வழி சுலபம். ரிவெட்டைத் தட்டிப் பிரித்து, ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற லீவர்களை உருவி எறிந்தால், அந்த ஒன்றைச் சரியாகத் தூக்கும் எந்தச் சாவிக்கும் திறக்கும். "அசல் சாவியுடன்" என்று விலை ஏற்றியும் விற்கலாம். உருவிய லீவர் போனதுதான். சாவியே இல்லாமல், உள்ளே கை படாமல் இருக்கும் பூட்டு இதைவிட எவ்வளவோ மேல்.

இனி வாங்குகிறவர்கள் சாவியின் பல்லை நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஆறு லீவர் என்றால் ஆறு படி, தாழைத் தள்ள இன்னொரு படி. பக்கத்துப் பக்கத்துப் படிகள் ஒரே உயரமாக இருந்தால் ஒன்றாகத் தெரியும், அதனால் ஒன்றிரண்டு குறைந்தால் பதற வேண்டாம். எனக்கு வந்த சாவியில் இருந்ததே இரண்டு. அப்புறம் பின்பக்க ரிவெட்டுகள். பழைய ரிவெட் உடம்போடு ஒரே நிறமாக, தடவினால் தெரியாத அளவுக்குப் படிந்திருக்கும். பிரித்து மறுபடி அடித்ததில் சுத்தியல் தடமும் புது மினுக்கும் இருக்கும். சாவித் துவார மூடியைத் தள்ளிப் பாருங்கள். பல வருஷம் புழங்கிய பூட்டில் அந்த மூடி உரசி உரசிப் பிறைபோல ஒரு தடம் விழுந்திருக்கும். நேரில் போனால் கம்பியால் லீவர்களை ஒவ்வொன்றாகத் தூக்கி விடுங்கள், தனித்தனியே துள்ளித் திரும்ப வேண்டும். சம்மதிக்காத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஓல்டு ஐட்டம், நோ ரிட்டர்ன்" என்று ஒரு செய்தி அனுப்பிவிட்டு என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். "ஆறு லீவர், அசல் சாவி" என்று அவர் எழுதிய செய்தி, வீடியோ, பணம் அனுப்பிய ரசீது எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போனால் போதும். இதே ஆளிடம் "அசல் சாவி"யோடு வாங்கியவர்கள் இருந்தால், வேறொரு குழல் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். புகாரைச் சேர்ந்தே கொடுக்கலாம்.